முதல் திரையே தமிழில்: எல்லாருக்கும் ஆகும் கைப்பேசிப் படிவம் அமைப்பது எப்படி

ஒரு சிற்றூர்க் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்கே டோக்கனுக்கு வரிசை நிற்கிறது. வீட்டிலிருந்தே கைப்பேசியில் பதிவு செய்துவிட்டு வர ஒரு செயலி வேண்டும் என்கிறது நிர்வாகம். கேட்க வேண்டியவை ஐந்தாறு விவரம்தான், திரைகள் மூன்றோ நான்கோ. சின்ன வேலை போலத் தோன்றும். ஆனால் சாதாரண மக்கள் தடுக்கி விழும் இடங்கள் எல்லாமே இந்த மூன்று நான்கு திரைக்குள் இருக்கின்றன.

வழக்கமாக நடப்பது இது. திரைகளை ஆங்கிலத்தில் வரைந்து, நிரலும் எழுதி முடித்து, வெளியிடும் வாரத்தில் சொற்களை ஒரு எக்செல் தாளில் போட்டு மொழிபெயர்ப்புக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும் தமிழ் பெட்டிக்குள் அடங்காது. பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டாது. பெயர்ப் பெட்டி தமிழ்ப் பெயரையே ஏற்காது. அப்போது பழி தமிழ்மேல் விழும். தமிழில் குறை ஒன்றும் இல்லை, வேலையைச் செய்த வரிசைதான் தப்பு. முதல் திரையைத் தமிழில் வரைந்தால் இவற்றில் பெரும்பகுதி முதல் நாளே கண்ணில் பட்டுவிடும்.

டோக்கன் மேசை அருகே இரண்டு காலை

கணினியைத் திறக்குமுன் இரண்டு நாள் காலையில் டோக்கன் கொடுப்பவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கேட்கும் கேள்விகளை, கேட்கும் சொல்லில், கேட்கும் வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். “முன்னாடி வந்திருக்கீங்களா? சீட்டு இருக்கா? யாருக்குப் பாக்கணும்? வயசு என்ன? எந்த ஊரு?” பல ஆண்டு அனுபவத்தில் தேய்ந்து தேய்ந்து கிடைத்த வரிசை இது. படிவத்தின் வரிசையும் இதுவாகவே இருக்கட்டும்.

“யாருக்குப் பாக்கணும்?” என்ற கேள்வியைத் தனியாகக் கவனியுங்கள். பதிவு செய்பவரும் நோயாளியும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. மகள் தன் கைப்பேசியில் அம்மாவுக்குப் பதிவு செய்வாள். பக்கத்து வீட்டுப் பையன் தாத்தாவுக்குச் செய்து கொடுப்பான். ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஒரு நோயாளி என்று தரவுத்தளத்தை அமைத்துவிட்டால், இரண்டாவது ஆளைப் பதிவு செய்யும்போது “இந்த எண் ஏற்கெனவே உள்ளது” என்று கதவு அடைத்துக்கொள்ளும். அலுவலக அறையில் இருந்து யோசித்தால் இது தோன்றாது, மேசை அருகே உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கைப்பேசிகளையும் பாருங்கள். கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், எழுத்து அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், வெயிலில் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பார்கள். கண் மருத்துவமனை என்பதால் சொட்டு மருந்து விட்டு மங்கலான கண்ணோடும் சிலர் படிப்பார்கள். எந்தக் கைப்பேசியில் சோதிப்பது என்பதை இந்தப் பட்டியல்தான் முடிவு செய்ய வேண்டும்.

காகிதத்தில் தொடங்குங்கள்

ஏறக்குறைய 7 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் காகிதத் துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு திரை. தடித்த பேனாவால் தமிழிலேயே எழுதுங்கள். அந்த அகலத்தில் கையால் எழுதும்போது நீண்ட வாக்கியம் தானாகவே சுருங்கும். ஒரு துண்டில் ஒரு கேள்வி, மிஞ்சினால் இரண்டு. ஆறு பெட்டிகளை ஒரே திரையில் அடுக்கினால், விசைப்பலகை மேலே எழும்பியதும் கீழிருக்கும் மூன்று பெட்டி மறைந்துபோகும். “அவ்வளவுதான் போல” என்று நினைத்துப் பலர் அங்கேயே நிற்பார்கள்.

மாதிரிக்கு எழுதும் பெயரும் ஊரும் நீளமானவையாக இருக்கட்டும். “ரவி, தேனி” என்று எழுதிப் பார்த்தால் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். “சி. மீனாட்சிசுந்தரேஸ்வரன், ஸ்ரீவில்லிபுத்தூர்” என்று எழுதுங்கள். எங்கே உடைகிறது என்று உடனே தெரியும்.

சொற்கள்

பொத்தானில் இருப்பது பயனர் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. அறிவுரை வரியில் இருப்பது இயந்திரம் பயனரிடம் பேசுவது. இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் மரியாதைச் சிக்கல் பாதி தீரும். பொத்தான்: “அனுப்பு”, “நேரம் தேர்ந்தெடு”. அறிவுரை: “நோயாளியின் பெயரை எழுதுங்கள்”. பொத்தானில் “அனுப்பவும்” என்று போட்டால் யார் யாருக்குச் சொல்கிறார் என்பது குழம்புகிறது. அறிவுரையில் “எழுது” என்று போட்டால் வயதானவர்களுக்கு அது அதட்டலாகத் தோன்றும்.

“சமர்ப்பி” வேண்டாம், “அனுப்பு” போதும். ஓடிபி என்ற சொல்லை எல்லாரும் பேச்சில் புழங்குகிறார்கள். அதை “ஒருமுறை கடவு எண்” என்று மாற்றினால் குறுஞ்செய்தியில் வந்தது இதுதானா என்ற சந்தேகம் வரும். டாக்டர், டோக்கன், ஸ்கேன் ஆகியவையும் அப்படியே இருக்கட்டும். எழுதிய சொல்லை டோக்கன் மேசைக்காரரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்கு தடுக்கும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள்.

ரத்து என்ற சொல்லில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. “பதிவை ரத்து செய்யவா?” என்று ஒரு பெட்டி எழும்புகிறது. கீழே இரண்டு பொத்தான்: “ரத்து”, “சரி”. பதிவைக் கைவிட நினைப்பவர் இயல்பாக “ரத்து” என்பதை அழுத்துவார். ஆனால் அது அந்தப் பெட்டியை மூடும் பொத்தான், பதிவு அப்படியே நிற்கும். மறுநாள் அந்த இடம் காலியாகப் போகும், வரிசையில் நின்ற இன்னொருவருக்கு அது கிடைத்திருக்க வேண்டியது. இப்படி மாற்றுங்கள். கேள்வி: “வியாழன் 10.30 பதிவு வேண்டாமா?” பொத்தான்கள்: “வேண்டாம், நீக்கிவிடு”, “இருக்கட்டும்”. கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் படித்தாலும் என்ன நடக்கும் என்று தெரிய வேண்டும். எல்லாப் பொத்தானுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

பெயரோடு உருபை ஒட்டாதீர்கள்

பெயர் இருக்கும் இடத்தில் ஒரு வெற்றிடம், அதன் பின்னால் “-க்கு” என்று நிரலில் எழுதிவிடுகிறார்கள். திரையில் “முருகன்-க்கு”, “செல்வம்-க்கு” என்று வருகிறது. தமிழில் முருகன் முருகனுக்கு ஆவார், மீனா மீனாவுக்கு ஆவார், செல்வம் செல்வத்துக்கு ஆவார், மணி வெறும் மணிக்கு. ஊர்ப் பெயரும் இப்படியே: மதுரையில், சேலத்தில். விதி எழுதி இதைச் சமாளிக்கலாம்தான், ஆனால் ஜோசப், ரஹ்மான், கணேஷ் என்று வரும்போது விதி நீண்டுகொண்டே போகும்.

வாக்கியத்தைத் திருப்பிப் போடுவதுதான் எளிய வழி. “முருகன்-க்கு பதிவு முடிந்தது” என்பதை “பதிவு முடிந்தது. நோயாளி: முருகன். மருத்துவமனை: சேலம்” என்று அமையுங்கள். மாறும் சொல் எப்போதும் எழுவாயாகவோ தனித்தோ நிற்கட்டும். வினையில் பால் காட்ட வேண்டிய இடத்தில் “வந்தார்” என்ற மரியாதை வடிவம் எல்லாருக்கும் பொருந்தும். ஒருமை பன்மைக்குத் தனித்தனி வரி வையுங்கள். “1 நாட்கள்” என்று திரையில் வந்தால், இதை யாரும் படித்துப் பார்க்கவில்லை என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பெயர்ப் பெட்டி

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டி வைப்பதைத் தவிருங்கள். தமிழர் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவார்கள். இரண்டாவது பெட்டியில் ஒருவர் வெறும் புள்ளி வைப்பார், இன்னொருவர் தன் பெயரையே மறுபடி எழுதுவார், மூன்றாமவர் அப்பா பெயரை எழுதுவார். மருத்துவச் சீட்டில் அப்பா பெயர் ஏறி, அந்தப் பெயரிலேயே டோக்கன் கூப்பிடுவார்கள். ஒரே பெட்டி வையுங்கள்: “பெயர், இனிஷியலோடு”. புள்ளியையும் இடைவெளியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று எழுத்து என்ற கட்டுப்பாடு வேண்டாம்.

இனி உள்ளே நடப்பது. கணினியில் உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் முறை யூனிகோடு. அதில் அகரம் தவிர்த்த தமிழ் உயிர்மெய் ஒரே குறி அல்ல. அகரமேறிய எழுத்துக்கு ஒரு குறி, அதோடு சேரும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ இன்னொன்று. “மீனாட்சி” கண்ணுக்கு நான்கு எழுத்து, உள்ளே எட்டுக் குறி. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் (சேமிப்பிடத்தின் அலகு) இடம், ஆக 24 பைட். தரவுத்தளத்தில் பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருந்தால் ஆறு குறி முழுதாக நிற்கும், ஏழாவது பாதியில் அறுபடும். அச்சாகும் சீட்டில் “மீனாட்” என்று வந்து, பின்னால் ஒரு கேள்விக்குறிப் பெட்டி. பெயருக்குக் குறைந்தது 200 பைட் ஒதுக்குங்கள், இடத்துக்கு இன்று பஞ்சமில்லை.

இதைவிடப் பரவலான பிழை ஒன்று உண்டு. “எழுத்துகள் மட்டும்” என்று சரிபார்க்கும் விதி, யூனிகோடு எழுத்து என்று வகைப்படுத்திய குறிகளை மட்டும் விடும். தமிழின் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் அந்த வகையில் இல்லை, துணைக்குறி என்ற வேறு வகையில் இருக்கின்றன. விளைவு: “கமல” என்று எழுதினால் ஏற்கும், “கமலா” என்று எழுதினால் “எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்” என்று திட்டும். விதியில் துணைக்குறி வகையையும் சேர்த்தால் தீர்ந்தது. சோதனைக்குக் கமலா, ஸ்ரீதர், கௌரி, சு. ஃபாத்திமா ஆகிய நான்கு பெயரும் போதும்.

“கொ” என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு. ஒருவர் தட்டச்சு செய்த “கொடைக்கானல்” இன்னொருவர் தேடலில் அகப்படாது. உள்ளே வரும் எல்லா உரையையும் என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமியுங்கள், தேடும் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். கோயில்பட்டி, கோவில்பட்டி என்று இரண்டு விதமாக எழுதுவார்கள். ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களும் நிறைய. ஊர்ப் பட்டியலில் ஒவ்வொரு ஊருக்கும் மாற்று வடிவங்களைச் சேர்த்து வையுங்கள்.

ஊர்களை அகரவரிசையில் காட்டும்போது யூனிகோடு எண் வரிசையை நம்பாதீர்கள். அதில் னகரம் பகரத்துக்கு முன்னாலும் வகரம் ழகரத்துக்குப் பின்னாலும் இருக்கும். புள்ளிக்குறி உயிர்க்குறிகளுக்கெல்லாம் கடைசியில் நிற்கும். அதனால் கமுதி முன்னே வந்து கம்பம் பின்னே போய்விடும். தமிழ் முறையில் கம்பம்தான் முதலில். நிரல்மொழிகளோடு வரும் வரிசைப்படுத்தும் கருவியில் மொழி தமிழ் என்று குறித்தால் இது சரியாகும்.

எழுத்து, இடைவெளி, தொடும் இடம்

உரை அளவு 16 எஸ்பிக்கு (ஆண்ட்ராய்டில் எழுத்தை அளக்கும் அலகு) குறைய வேண்டாம், முக்கியக் கேள்விக்கு 20. தமிழில் மேலே விலங்குச் சுழியும் புள்ளியும், கீழே உகரக் குறிகளும் நீளும். வரி உயரம் எழுத்தின் 1.6 மடங்கு இருந்தால்தான் மேல்வரி வாலும் கீழ்வரித் தலையும் மோதாது. பொத்தான்களுக்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள், “கூட்டு”, “மூடு” போன்றவற்றின் அடி வெட்டுப்படும். சின்ன அளவில் தடித்த எழுத்து போட்டால் ண, ஞ, ஊ ஆகியவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம்.

பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள மாறுபாட்டு விகிதம் 4.5-க்கு 1 என்ற அளவிலாவது இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வகுத்த வலை அணுகல் நெறியின் ஏஏ என்ற இடைநிலை சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது இது. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து வெயிலில் காணாமல் போகும். தொடும் இடம் ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 டிபிக்கு (திரையில் நீள அகலத்தை அளக்கும் அலகு) குறையாமல், இரண்டு பொத்தானுக்கு நடுவில் 8 டிபி. பிறகு கைப்பேசி அமைப்பில் எழுத்தை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி எல்லாத் திரையையும் ஒருமுறை நடந்து பாருங்கள். “அனுப்பு” பொத்தான் திரைக்கு வெளியே போயிருந்தால், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் எல்லாருக்கும் செயலி பூட்டியே கிடக்கிறது என்று பொருள்.

எண், தேதி, ஓடிபி

கைப்பேசி எண் பெட்டியில் எண் விசைகள் எழும்ப வேண்டும். முன்னால் 0, 91, நடுவில் இடைவெளி எது வந்தாலும் ஏற்றுக்கொண்டு, கடைசிப் பத்து இலக்கத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கணினி ஒரு நொடியில் செய்வதை எழுபது வயதுக்காரர் தலையில் ஏற்றக் கூடாது.

பிறந்த தேதி கேட்காதீர்கள், வயது போதும். இன்றிலிருந்து பின்னோக்கி உருளும் நாட்காட்டியில் 1952-க்குப் போய்ச் சேர்வது பெரும்பாடு. முதியவர்கள் பலர் ஆவணத்தில் ஒரு தேதி, வீட்டில் ஒரு தேதி என்று வைத்திருப்பார்கள். பதிவு நேரத்தை “நாளை, வியாழன், 14ஆம் தேதி, காலை 10.30” என்று கிழமையோடு காட்டுங்கள்.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு செய்தியில் 70 குறிதான் கொள்ளும், ஆங்கிலத்தில் 160. தாண்டினால் 67 குறி வீதம் துண்டாகும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். “482913 உங்கள் ஓடிபி. யாரிடமும் சொல்லாதீர்கள்.” இது 45 குறி, ஒரே செய்தியில் அடங்கும். எண் முதலில் இருப்பதால் திரையின் மேலே எட்டிப் பார்க்கும் அறிவிப்பிலேயே படித்துவிடலாம். இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தியின் வாசகத்தை தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். வாசகம் மாறினால் மறுபடி அதே நடை. ஆகவே அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஓடிபியின் ஆயுள் பத்து நிமிடம் இருக்கட்டும். முப்பது நொடி வைத்தால், கைப்பேசி வேறொருவர் கையில் இருக்கும் வீட்டில் பதிவே நடக்காது.

தவறும் தாமதமும்

“தவறான உள்ளீடு” என்பது செய்தியே அல்ல. “எண்ணில் ஒன்பது இலக்கம் இருக்கிறது, பத்து வேண்டும்” என்று அந்தப் பெட்டிக்கு அடியிலேயே சொல்லுங்கள். எழுதியதை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். அழிந்த படிவத்தை இரண்டாம் முறை நிரப்புகிறவர்கள் மிகக் குறைவு.

அழுத்தியதற்கு 0.1 நொடிக்குள் பொத்தான் நிறம் மாற வேண்டும். ஒரு நொடி தாண்டினால் “அனுப்புகிறோம்” என்று காட்டுங்கள். பத்து நொடிக்கு மேல் யாரும் காத்திருக்க மாட்டார்கள், மறுபடி அழுத்துவார்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் இதனால் ஒரே ஆளுக்கு மூன்று டோக்கன் விழும். படிவம் திறக்கும்போதே அதற்கு ஒரு தனி எண் கொடுத்து, அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை வந்தால் பழைய பதிவையே திருப்பிக் காட்டும்படி வழங்கியில் (சர்வரில்) எழுதுங்கள். பொத்தானை மங்கலாக்குவது மட்டும் போதாது, செயலியை மூடித் திறந்தால் அது மறுபடி உயிர்பெறும்.

ஐந்து பேர், பிறகு இன்னும் ஐந்து பேர்

பயன்பாட்டு ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் டாம் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் பயன்பாட்டுச் சிக்கல்களில் ஏறக்குறைய 85 விழுக்காடு வெளிப்படும். ஒவ்வொருவரும் சராசரியாக 31 விழுக்காட்டைக் காட்டிக்கொடுப்பார்கள் என்ற அடிப்படையில் போட்ட கணக்கு அது. ஆகவே பதினைந்து பேரை ஒரே மூச்சில் அழைக்காமல், ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்று போங்கள். முதல் ஐவருக்குக் காகிதத் திரையே போதும். அவர் விரல் வைத்ததும் அடுத்த துண்டை நீங்கள் எடுத்து வையுங்கள்.

ஐவரில் வாசிப்புக் கண்ணாடி போடுபவர் ஒருவர், தட்டச்சே செய்யாமல் குரலில் பேசுபவர் ஒருவர், பிறருக்காகப் பதிவு செய்பவர் ஒருவர், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஒருவர் இருக்கட்டும். கடைசியில் சொன்னவருக்குக் காகிதம் உதவாது, அவருக்காக ஓடும் மாதிரி ஒன்று வேண்டும். அதில் உரையின் மொழி தமிழ் என்று குறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் வாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் சிதைக்கும், அல்லது தாண்டிப் போய்விடும்.

பணியைச் சொல்லும் விதத்தில்தான் பெரும்பாலோர் சோதனையைக் கெடுக்கிறார்கள். பொத்தானில் “நேரம் பதிவு செய்” என்று இருக்கிறது, நீங்களும் “நேரம் பதிவு செய்யுங்க அம்மா” என்று சொல்கிறீர்கள். அவர் கேட்ட சொல்லைத் திரையில் தேடி அழுத்திவிடுவார். பொத்தான் புரிந்ததா என்பது தெரியவே தெரியாது. இப்படிச் சொல்லுங்கள்: “அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு நாளா கண்ணு உறுத்துது. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். இதுல என்ன செய்வீங்க?” அதற்கு முன்னால், “சோதனை உங்களுக்கு இல்லம்மா, இந்தப் போனுக்குத்தான்” என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு வாயைத் திறக்காதீர்கள், இதுதான் கடினம். அவர் விரல் தவறான பொத்தான்மேல் வட்டமிடும்போது கை பரபரக்கும். பொறுத்துக்கொண்டு, எந்தத் திரையில், எத்தனை நொடி, என்ன முணுமுணுத்தார் என்று எழுதுங்கள். “இது எதுக்கு?” என்று அவர் கேட்டால், “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். முடிவில் “நல்லாத்தான் இருக்குப்பா” என்பார், அது உங்கள் மேலுள்ள அன்பு. கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது உதவியின்றி முடித்தாரா, எங்கே நின்றார் என்பவை மட்டுமே. ஐந்தில் இருவர் ஒரே இடத்தில் நின்றால் அந்தத் திரையை அன்றே மாற்றுங்கள்.

வெளியிட்ட பிறகு டோக்கன் மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். செயலி பற்றி யார் கூப்பிட்டாலும் ஒரு வரி: தேதி, எந்தத் திரை, அவர் சொன்ன சொல். திங்கள்தோறும் அதைப் புரட்டி, அதிகம் வந்த ஒரு சிக்கலை மட்டும் எடுத்துத் திருத்துங்கள். செயலிக்கு வராமல் இன்னும் வரிசையில் நிற்பவர்களுக்கும் டோக்கன்களில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் பேசுங்கள். கைப்பேசி இல்லாதவரும் அந்த மருத்துவமனைக்குத்தான் வருகிறார்.